முதுகு பிடித்தவர் 'வரேன்' சொல்வதில்லை

இந்த ஊரில் வைத்தியரிடமிருந்து கிளம்பும்போதும் 'சீ யூ அகெய்ன்' என்கிறார்கள். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். நான் நர்ஸ் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், வயிற்றில் ஆபரேஷன் ஆகித் தையல் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற கிழவரைக்கூட வாசல்வரை வந்து அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் சிரித்த முகமாக, ஆமாம் பார்ப்போம் என்று கையாட்டிவிட்டுப் போகிறார். கனடாவுக்கு வந்து நாலு குளிர்காலம் கழிந்துவிட்டது. பனி பழகிவிட்டது, உப்பில்லாத சாப்பாடு பழகிவிட்டது, பகல் நாலு மணிக்கே இருட்டுவதும் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் 'முதலில் வாயைக் கழுவுங்கள்' என்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் செஞ்சிப் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிறவன் 'போய்ட்டு வரேன்' என்று மறந்தும் சொல்லமாட்டான். துணி மூட்டையை எடுத்துக்கொண்டு, கட்டிலைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் நோயும் கூடவே வரும்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான சம்பந்தம் உண்டு. நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் மூன்று தடவை காலை வைத்து மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மாவுக்கு அந்தப் பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தது. ஊருக்கோ ஒரு வைத்தியர் கிடைத்துவிட்டார். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என் கால் எனக்குச் சொந்தமில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை பிடுங்குகிற காலம் வந்தால் வல்லத்திலிருந்தும் தொண்டூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நாளெல்லாம் குனிந்து செடி பிடுங்கியவர்களுக்கு நிமிர முடியாது. நான் பள்ளிக்கூடத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

"பாவம்மே, வண்டி கட்டிக்கினு வந்துக்கிறாங்க. மிதிச்சிட்டுப் போ, இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்பாள் அம்மா.

குறைந்தது யாருக்குத் தெரியப் போகிறது! ஒருநாள் எங்கள் கணக்கு வாத்தியாரே வந்து வாசலில் குப்புறப் படுத்தார். முந்தின நாள்தான் என் உள்ளங்கையில் பிரம்பால் போட்டிருந்தார். அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே மிதித்தேன். அவருக்கு உடனே குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. இந்த வைத்தியத்துக்குக் காசு வாங்கக்கூடாது, நன்றி சொல்லக்கூடாது. மிதி வாங்கியவர் எழுந்து, வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். மீறினால் வலி பின்னாலேயே ஓடிவரும். அதனால் வந்தவர்களின் முகத்தைவிடப் போனவர்களின் முதுகுதான் எனக்கு அதிகம் ஞாபகம். வயதுக்கு வந்த பிறகு ஆம்பிளைகளை மிதிக்க வேண்டாமென்று அம்மா நிறுத்திவிட்டாள். பெண்களும் குழந்தைகளும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பிற்பாடு நர்ஸ் படிப்புக்குப் போனபோது முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் பெயர் சொல்லிப் படித்தேன். பெரும்பாலான பிடிப்பு தானாகவே விட்டுவிடும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மிதித்தால் ஒரு வாரம், மிதிக்காவிட்டால் ஏழு நாள். ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னாலும் வண்டி நிற்கப் போவதில்லை.

இந்தப் பனிக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கே முதுகு பிடித்துக்கொண்டது. அவர் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கியறியாதவர். எனக்கு வேலை கிடைத்து நாங்கள் வந்ததால், இங்கே அவருக்குக் கிடைத்தது மாவு மில்லில் மூட்டை அடுக்குகிற வேலை. ஒருநாள் மூட்டையோடு குனிந்தவர் நிமிரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு இல்லை, மெத்தைக்கு அடியில் பலகை போட்டு அசையாமல் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்றார். மில் மேஸ்திரி நல்ல மனுஷன்தான். ஆனால் பனி விடுகிறவரைக்கும்தான் இவருடைய இடத்தை வைத்திருக்க முடியும், அப்புறம் வேறு ஆள் என்று சொல்லிவிட்டான். இவர் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரே பாட்டைப் பாடினார். "பொண்டாட்டி சம்பாரிச்சுப் போட, நான் படுத்துக்கினு துன்றேன். ஊர்ல தெரிஞ்சா காறித் துப்புவான்." நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவருக்கு அது போதவில்லை. இந்த வேலையும் போனால் அவர் எழுந்தாலும் எழாத மனுஷராகிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஓல்கா அம்மாள் என்று ஒரு உக்ரேனியக் கிழவி. எங்களுக்கு முந்தைய தலைமுறையில் புலம்பெயர்ந்து வந்தவள். சேதி தெரிந்ததும் வாத்துக் கொழுப்பும் கடுகுப் பற்றுமாக வந்து நின்றாள். கடுகை அரைத்துத் துணியில் தடவி முதுகில் போட்டதில் தோல் சிவந்ததுதான் மிச்சம். நான் என் பங்குக்கு மிளகும் சுக்கும் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். கடைசியில் கிழவிதான், கடைவீதியில் மருந்தே கொடுக்காத ஒரு டாக்டர் இருக்கிறார், கையாலேயே முதுகைச் சரிபண்ணுவார், தன் பிள்ளைகளெல்லாம் அவரிடம்தான் என்றாள். கைரோப்ராக்டர் என்று பெயர். எங்கள் வார்டு தலைமை நர்ஸ் அவரை 'எலும்பு நொறுக்கி' என்பாள். ஆஸ்பத்திரி ஆட்கள் அந்தப் படி ஏறினால் அவளுக்கு அது துரோகம். செஞ்சியில் காலால் மிதித்ததை எந்த நர்ஸிடமும் சொல்லமுடியாமல் இருந்தவள், இங்கே கையால் அழுத்துகிறவரிடம் போவதை மறைக்க வேண்டியிருந்தது. முகத்தைச் சால்வையில் மூடிக்கொண்டு இவரை அழைத்துப் போனேன்.

காத்திருக்கிற அறையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தாய் காதுவலிக் குழந்தையோடு வந்திருந்தாள். படுக்கையை நனைக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு இன்னொருத்தி. ஊசியும் மாத்திரையும் இல்லாமல் வளர்க்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். சுவரில் முதுகெலும்புப் படம் மாட்டி, ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு நோயாக எழுதியிருந்தது. முதுகுவலி சரி. காதுவலிக்குக் காதைத்தானே பார்க்க வேண்டும் என்று என் நர்ஸ் புத்தி முணுமுணுத்தது. ஆனாலும் அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வல்லத்து வண்டிகள்தான் ஞாபகம் வந்தன. அலுத்துப்போனவர்கள், யார் தங்களைத் தொட்டுப் பேசுகிறார்களோ அவர்களிடம்தான் போவார்கள்.

வைத்தியர் வெள்ளைச் சட்டை போட்ட பெரிய உடம்புக்காரர். இவரைக் குப்புறப் படுக்கவைத்து, விரலால் ஒவ்வொரு கணுவாகத் தடவி, பக்கவாட்டில் திருப்பி ஒரு அழுத்து அழுத்தினார். நெட்டி முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இவர் மெதுவாக எழுந்தார், நின்றார், கிட்டத்தட்ட நேராகவே நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வைத்தியர் கையை நீட்டினார். இவர் அந்தக் கையைத் தொடவே இல்லை. கோட்டை மாட்டினார், தொப்பியை எடுத்தார், யார் முகத்தையும் பாராமல் விடுவிடென்று வெளியே போய்விட்டார். முன்னறையில் வைத்தியரின் மனைவி பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த செவ்வாய் வர முடியுமா என்று கேட்டது காற்றோடு போயிற்று.

"உன் கணவருக்குக் கோபமா? வலித்துவிட்டதா?" என்று வைத்தியர் முகம் வாடிக் கேட்டார்.

"இல்லை. குணமாகிவிட்டது என்று நம்புகிறார். எங்கள் ஊரில் இதுதான் மரியாதை."

"சொல்லாமல் போவதா?"

"ஆமாம்."

"இது ஒரு நாளில் ஆகிற காரியமில்லையே. பல தடவை வர வேண்டும். உங்கள் ஊரில் இரண்டாம் தடவை வைத்தியரிடம் எப்படிப் போவீர்கள்?" என்றாள் அவர் மனைவி. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நல்லாக்கீறவன் நாள் குறிச்சி வலிய வரச் சொல்லுவானா?" என்றார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான், என்ன செய்வது. அந்த வாரம் முடிவதற்குள் வலி திரும்பிவிட்டது. கை நீட்டினானே அந்த ஆள், அதைப் பார்த்துத் தொலைத்தேன், அதனால்தான் என்றார். அப்போதுதான் ஒரு மத்தியானம், நான் ட்யூட்டி முடிந்து வெள்ளை ஷூவைக் கழற்றி வீங்கின காலை நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே மிதிச்சிடேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் மேல் கால் படுவதாவது! தூக்கத்தில் என் கால் அவர்மேல் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். கல்யாணமான புதிதில், உலகத்துக்கே மருந்தாகிற கால் எனக்கு மட்டும் ஆகாதா என்று அவரே கேலி செய்திருக்கிறார். இப்போது அவர் கேலி செய்யவில்லை.

"பாவங்க."

"பாவம் எனக்கு வரட்டும். வேல போய்டுச்சின்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு உன்கூட உக்காந்து சோறு துன்னுவேன்?"

காலில் மரமரப்பு இருக்கிறதா, மலஜலம் சரியாகப் போகிறதா என்றெல்லாம் நர்ஸாக விசாரித்தேன். பிறகு பெண்டாட்டியாக ஒரு நிபந்தனை போட்டேன். நான் மிதிக்கிறேன். ஆனால் அந்த வைத்தியரிடம் தொடர்ந்து வர வேண்டும். நாள் குறிப்பதை என் பெயரில் குறித்துக்கொள்கிறேன், வலிக்குத் தெரியாது. "உன் பேர்ல போட்டா சரி," என்றார். அப்போதே போன் செய்தேன். வைத்தியரின் மனைவி நோயாளியின் பெயர் கேட்டாள். கனகா என்றேன். புருஷன் பெயரை வாயால் சொல்கிற சங்கடமும் தப்பியது.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்தேன். அவர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பாரம் விழாமல், வலி இருந்த இடத்தில் பாதத்தை வைத்து வைத்து எடுத்தேன். மூன்றாம் தடவை முடிந்ததும் அவர் எழுந்தார். கோட்டையும் பூட்ஸையும் மாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. முன்கதவைத் திறந்து பனியில் இறங்கிப் போனார். ஊரில் மிதி வாங்கியவர் தன் வீட்டுக்குப் போவார். இவர் எங்கே போவார்? அதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வெறுங்காலோடு வாசலில் நின்றேன். பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. தெருவில் அவருடைய முதுகு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவும் இப்படித்தான் போனார். நான் கனடாவுக்கென்று ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில், என் இரும்புப் பெட்டியை யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி பஸ் கூரைக்கு ஏற்றினார். தையல் மிஷினில் உட்கார்ந்தே வளைந்த முதுகு, அங்கேயே பிடித்துக்கொண்டது. பஸ் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. "மிதிச்சிட்டுப் போம்மே, நீ போய்ட்டா யார் கீறாங்க எனக்கு," என்று பஸ்ஸுக்குப் பின்னால் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அம்மா போட்ட தடையெல்லாம் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, மிதித்தேன். எழுந்தார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. வழியனுப்ப வந்தவர், இனி என்னிடம் பேசக்கூடாது, என்னைப் பார்க்கக்கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ராஜகிரி மலை தெரிகிற பக்கமாகக் கடைத்தெருவுக்குள் நடந்துவிட்டார். 'போய்ட்டு வரேன் நைனா' என்று தொண்டைவரை வந்ததை நான் விழுங்கினேன். 'போய்ட்டு வா' என்று அவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நைனாவுக்கு முதுகு வலிக்கவே இல்லை என்று தம்பி எழுதுகிறான். சந்தோஷம்தான். வலித்திருந்தாலாவது, மிதிக்க வேண்டுமென்று சாக்குச் சொல்லி ஒருதரம் போய் வந்திருப்பேன்.

பின்பக்கம் சமையலறைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் திறந்தேன். இவர் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓல்கா அம்மாள் வீட்டுச் சந்து வழியாக வந்து, தொப்பியெல்லாம் பனியாக, வேற்றாள் போல நின்றுகொண்டிருந்தார். அவராக உள்ளே வரவில்லை. 'வந்துட்டேன்' என்று அவரால் சொல்லவும் முடியாது. நான் கூப்பிடக் காத்திருந்தார்.

முன்கதவை மூட மறந்திருந்தேன். குளிர்காற்று வீட்டுக்குள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போயிற்று. பனி மிதித்த என் கால் தரையெல்லாம் ஈரமாக்கியிருந்தது.

"வாங்க," என்றேன்.

அவர் உள்ளே வந்துவிட்டார். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர் செஞ்சிக் கடைத்தெருவில் இன்னும் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருக்கிறார்.