பல்கேரியாவுக்கு மூன்று டிக்கெட்

என் தங்கை யசோதினியின் கணவர் பாலேந்திரா பதின்மூன்று வருடம் சுவிஸ் மலையொன்றில் வாழ்ந்தவர். இதைச் சொன்னதும் லண்டனில் இருக்கும் நம்மவர்கள் அவரைப் பெரிய பனிச்சறுக்கு வீரர் என்று நினைத்துவிடுவார்கள். மலையில் இருந்தது ஹோட்டல். இவர் இருந்தது அதன் நிலக்கீழ்க் குசினியில். காலை இருட்டில் உள்ளே போய், சறுக்க வந்தவர்கள் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவிவிட்டு, மாலை இருட்டில் வெளியே வருவார். ஒரு நாளும் காலில் ஸ்கீ கட்டியதில்லை.

"ஏன் பாலா, ஒருக்காவாவது போட்டுப் பாக்கேல்லையோ?" என்று நான் கேட்டதுண்டு.

"காலை உடைச்சா வேலைக்கு ஆர் போறது, அண்ணை?" என்பார். அவ்வளவுதான் மனிதர்.

சுவிஸ் பாஸ்போட் கையில் கிடைத்து, யசோவைக் கலியாணம் முடித்து, பிறக்கப்போகும் பிள்ளை இங்கிலிஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தார். ஐரோப்பாவை விட்டு இங்கே வந்த எல்லோரும் சொல்லும் காரணம்தான். தெற்கு லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற இடத்தில் வீடு எடுத்து, வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் பூட்டுகிற தொழில் பழகினார். ஊராருக்கெல்லாம் சூடு கொடுக்கிறவர் என்று நான் பகிடி விடுவேன். யசோ சிரிப்பாள். அவர் சிரிக்காமல் சோற்றைப் பிசைவார்.

யசோ போன வருடம் மார்ச் முதலாம் திகதி, ஒரு சனிக்கிழமை, செத்துப்போனாள். முதல் நாள் தலையிடி என்று படுத்தவள். எனக்கு அவள் ஒரே தங்கை.

நம்முடைய செத்தவீட்டு வழக்கம் தெரியும்தானே. வருகிற ஒவ்வொரு பெண்ணும் செத்தவரின் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் குளறி அழுவாள். பிள்ளையும் சேர்ந்து அழவேண்டும். அழுதால்தான் வந்தவள் கையை எடுப்பாள். மூத்தவள் கம்சிகாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்று நாற்பது பெண்களாவது அவளைக் கட்டிப்பிடித்திருப்பார்கள். முகத்தை முகத்தைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. எட்டு வயதுச் சின்னவள் லக்‌ஷிகா அழுது களைத்துக் கதிரையிலேயே தூங்கிப்போனாள். "பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை, கல்லு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த வீடு மரத்துப்போனது. கம்சிகா சோறு போட்டாள், தங்கைக்குத் தலை பின்னினாள், வீட்டுப்பாடம் செய்தாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு கதைத்துப் பார்க்க ஒரு ரீச்சரை விட்டார்கள். ரீச்சருக்கும் அவள் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாளாம். பாலேந்திரா காலையில் பொயிலர் பூட்டப் போவார், மாலையில் வருவார். "பிள்ளை ஒண்டும் கேக்கிறாளில்லை, அண்ணை. சப்பாத்துப் பிஞ்சாலும் கேக்கிறாளில்லை. அவளுக்குள்ள என்ன நடக்குது எண்டே தெரியேல்லை" என்று என்னிடம் சொல்வார். மனிதருக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

நவம்பரில் ஒரு நாள் போன் எடுத்தார். ஈஸ்ட் ஹாமில் என்னுடைய பலசரக்குக் கடையில் நல்ல சனம்.

"அண்ணை, கம்சி ஒண்டு கேட்டிருக்கிறாள்."

"என்னவாம்?"

"பெப்ரவரி லீவுக்கு ஸ்கீ போகவேணுமாம். அவளாக் கேட்டிருக்கிறாள், அண்ணை. அவளாக் கேட்டிருக்கிறாள்."

யசோ போனபிறகு அவர் ஒன்றை இரண்டு தரம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு மிச்சத்துக்குப் போனேன். மேசையில் லாப்டொப் திறந்திருந்தது. பாலேந்திரா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஸ்கீ போறதெண்டா எல்லாரும் பிளேன் டிக்கெட்டைத்தான் பாப்பினம். அதில ஒண்டும் இல்லை, அண்ணை. மலை ஏத்திற லிப்டுக்கு என்ன எடுக்கிறான், ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்கு என்ன, பழக்கிறவனுக்கு என்ன. அதைவிட, மத்தியானம் மலையில ஒரு சூப் என்ன விலை எண்டு பாக்கவேணும். அந்தச் சூப்பிலதான் குடும்பங்கள் அழியிறது."

"சுவிசுக்கே போங்கோவன். உங்களுக்குத் தெரிஞ்ச இடம்தானே."

"அந்தச் சூப்பு எனக்குத் தெரியும். வேண்டாம்."

பிரான்ஸ், லீவுக் கிழமையில் விலை இரட்டிப்பு. இத்தாலி நல்லதுதான், ஆனால் பிளேன் இறங்கி நாலு மணித்தியாலம் பஸ். அன்டோராவும் அப்படியே, வளைவுப் பாதையில் லக்‌ஷிகா சத்தி எடுப்பாள். ஸ்லோவீனியா வடிவு, பனிக்கு உத்தரவாதமில்லை. போலந்தைப் பற்றி ஒரு கால் மணி நேரம் சொன்னார், நான் கேட்கவில்லை. கடைசியில் பல்கேரியாவில் வந்து நின்றார். பான்ஸ்கோ என்று ஒரு ஊர். ஹோட்டல், சாப்பாடு, லிப்ட், பழக்குகிறது எல்லாம் சேர்த்து மற்ற இடங்களின் விலையில் பாதி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றது இவரைப் போன்றவர்களுக்குத்தான்.

"பனி எல்லா இடத்திலயும் ஒரே வெள்ளைதான், அண்ணை" என்றார்.

கம்சிகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். திரையைக் குனிந்து பார்த்தாள்.

"அங்க நல்ல குளிரா இருக்குமா, அப்பா?"

"மைனஸ் பத்துக்கும் போகும், பிள்ளை."

"அப்ப ஓகே" என்றுவிட்டு மாடிக்குப் போனாள். குளிர் காணுமா, போதுமா என்று கேட்டு விடுமுறைக்கு இடம் பிடிக்கிற பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்றே மூன்று டிக்கெட் போட்டார். பெப்ரவரி பதினான்கு போய் இருபத்தொன்று திரும்புவது. மாற்ற ஏலாத, காசு திரும்பாத டிக்கெட், அதனால்தான் மலிவு. "ஆண்டுத் திவசம் மார்ச் முதலாம் திகதிதானே. அதுக்கு முந்தி வந்திடுவம்" என்றார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். செத்த நாளைத் திதி பார்த்துத்தான் எண்ணவேண்டும், அது ஒவ்வொரு வருடமும் முன்னுக்குப் பின் நகரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாததல்ல. ஆனால் முப்பது வருடம் இங்கிலிஷ் கலண்டரில் ஷிப்டும் பில்லும் பள்ளித் தவணையும் பார்த்து வாழ்ந்தால், செத்த நாளும் அதிலேயே போய்க் குந்திவிடுகிறது.

ஜனவரி நடுப்பகுதியில் என் மனைவி ஜெகதீஸ்வரி திவசத்துக்கு ஒழுங்கு செய்யக் குருக்களுக்குப் போன் எடுத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மாசி வளர்பிறைத் துவிதியை. இந்த முறை அது பெப்ரவரி பத்தொன்பது, வியாழக்கிழமை வருது, அம்மா."

ஜெகா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குருக்களுக்கு அனுபவம் காணும்; எங்கள் மௌனம் அவருக்கு விளங்கிவிட்டது.

"வியாழன் கஷ்டமெண்டா யோசியாதேங்கோ. அதுக்குப் பிறகு வாற ஞாயிறு, இருபத்திரண்டு, செய்வம். லண்டனில ஆர் இப்ப திதியண்டே செய்யினம்? பிழையில்லை."

"பிறகென்ன, நல்லதாப் போச்சு" என்றாள் ஜெகா.

எனக்கு நல்லதாகப் போகவில்லை. என் தங்கை செத்த திதியில் அவளுடைய புருஷனும் பிள்ளைகளும் பல்கேரியாவில் சறுக்கி விளையாடுவார்கள், நான் இங்கே அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருப்பேன். நினைக்க நினைக்க உள்ளே எரிந்தது. பத்து மாதமாக அந்த வீட்டில் ஒருவரும் அழுது நான் காணவில்லை. நானும்தான் அழவில்லை, அதை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்றபடியால் பாலேந்திராதான் கொள்ளி வைத்தவர். எள்ளுந் தண்ணியும் இறைக்கவேண்டியவரும் அவர்தான். அவர் இல்லாமல் திவசம் இல்லை.

கடையை ஜெகாவிடம் விட்டுவிட்டு மிச்சத்துக்குக் காரை ஓட்டினேன். வீட்டு வாசல் நடையிலிருந்த கொக்கியில் மூன்று புது ஸ்கீ ஜக்கட், விலைச்சீட்டோடு தொங்கின. பாலேந்திராவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"குருக்கள் என்ன சொன்னவர்?"

"முதலாம் ஆண்டு, திதி தவறக் கூடாதாம்" என்றேன்.

"அவள் கேட்டது இது ஒண்டுதான், அண்ணை" என்றார். பிறகு "சரி" என்றார்.

கம்சிகா மாடிப்படியில் நின்றிருக்கிறாள். எப்போது வந்தாளோ தெரியாது. "கேட்டுது, அப்பா. ஓகே" என்றாள். இறங்கி வந்து மூன்று ஜக்கட்டையும் கழற்றி, மடித்து, மேலே கொண்டுபோனாள். லக்‌ஷிகா ஒரு மணித்தியாலம் கத்தி அழுதாள். மூத்தவளின் அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்து ஜெகாவிடம், பாலாவே வியாழன்தான் வேணும் எண்டிட்டார் என்று இன்னொரு பொய்யும் சொன்னேன்.

பத்தொன்பதாம் திகதி மிச்சத்து வீட்டு முன்னறையில் திவசம் நடந்தது. வேலை நாள் என்றாலும் இருபத்தைந்து பேர் வந்தார்கள். பாலேந்திரா வேட்டியோடு நிலத்தில் குந்தியிருந்து, குருக்கள் சொல்லச் சொல்ல எல்லாம் செய்தார். யசோவின் பெயரைச் சொல்லும்போதும் குரல் மாறவில்லை. பெண்கள் கம்சிகாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படைத்து முடிந்து, தட்சணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குருக்கள் பாலேந்திராவிடம் சொன்னார்:

"ஞாயிறு வைச்சிருந்தா இன்னும் சனம் வந்திருக்கும். நான் அண்டைக்கே உங்கட மச்சான் வீட்டுக்குப் போனில சொன்னனான், ஞாயிறு செய்தாலும் பிழையில்லை எண்டு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஐந்து கிழமை தாங்கியது. ஜெகா முதலில் என் பக்கம் திரும்பினாள். பாலேந்திரா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஏசியிருந்தால் இன்னும் நல்லது. "நீங்கள் சாப்பிடுங்கோ, அண்ணை. நேரம் போகுது" என்றார்.

சாப்பிட முடியவில்லை. குசினிக்குப் போனேன். கம்சிகா வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குருக்கள் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். முன்னறைக்கும் குசினிக்கும் இடையில் கதவில்லை.

"பிள்ளை, மாமா பிழை விட்டிட்டன்" என்றேன். "வாற வருசம் நான் கூட்டிக்கொண்டு போறன். சுவிசுக்கே போவம். நல்லா ஸ்கீ பழகலாம்."

"எனக்கு ஸ்கீ விருப்பமில்லை, மாமா."

"அப்ப ஏன் அப்பாவிட்டக் கேட்டனீ?"

அவள் வடை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"பள்ளிக்கூடத்தில ஸ்கீ போன பிள்ளையளின்ர படம் பாத்தனான். அங்க எல்லாரும் முகத்தை முழுக்க மூடியிருப்பினம். பெரிய கண்ணாடி, வாய்க்கு ஸ்காஃப். ஆர் எண்டே தெரியாது. அப்பாக்கும் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது. ஒரு கிழமை முழுக்க."

"என்ன தெரியாது, பிள்ளை?"

அவள் அடுத்த வடையை எடுத்து வைத்தாள். எனக்குப் பதில் தேவையும் இருக்கவில்லை. என் தங்கையின் மகள் ஒருவரும் பாராமல் தாயை நினைத்து அழ ஒரு இடம் தேடியிருக்கிறாள். தகப்பன் பாவம், விலை பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு மலையைப் பிடித்துக் கொடுத்தார். நான் அதைப் பறித்துக்கொண்டுவந்து, இருபத்தைந்து பேருக்கு நடுவில் அவளை நிறுத்திவிட்டேன்.

"இவ்வளவும் காணுமா, மாமா?" என்று கேட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அங்கே வாசலடியில், பிந்தி வந்த பெண்ணொருத்தி கோட்டைக் கழற்றாமலே அவளைக் கட்டிப்பிடித்தாள். "அம்மாவை நினைச்சு அழு, பிள்ளை. மனசில வைச்சிருக்காதை, அழு" என்று முதுகைத் தடவினாள். எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். கம்சிகா வடை விழாமல் தட்டை இரண்டு கையாலும் ஒரு பக்கமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை நின்றாள்.