குமிழிகளை எண்ணிய பருவம்

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த நாட்களில் எங்கள் வகுப்பில் நான்தான் முதல். அது அவள் வரும் வரைக்கும்தான். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் சாதாரணதரத்துக்கு மேல் வகுப்பில்லாததால் புத்தளம் டவுனிலுள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். முதல் தவணையிலேயே என்னைப் பின்தள்ளிவிட்டாள். டீச்சர் எங்களிருவரையும் ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் விட்டார்.

கல்வி வலய விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒளித்தொகுப்பு வீதத்தைப் பாதிக்கும் காரணிகளைக் காட்டும் பரிசோதனை எங்களுக்குக் கிடைத்தது. நீர்த்தாவரத்தைக் கண்ணாடி முகவையிலுள்ள தண்ணீரில் அமிழ்த்தி, மேசை விளக்கை முதலில் தள்ளியும் பிறகு கிட்டவும் வைத்து, தண்டிலிருந்து வரும் ஒட்சிசன் குமிழிகளை எண்ண வேண்டும். எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு என்பதால், என் மாமா எலுவன்குளத்துக் குளத்திலிருந்து ஐதரில்லாச் செடியைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். செடி என்னுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

விளக்கைக் கிட்டக் கொண்டுவந்ததும் குமிழிகள் விறுவிறுவென்று ஏறின. "வெளிச்சம் கூட, வீதமும் கூடுது" என்று டீச்சரிடம் சொன்னேன்.

அவள் முகவையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். "டீச்சர், பல்பு கிட்ட வந்தா சூடும்தானே கூடுது? அப்ப வெளிச்சத்தாலதான் கூடினது எண்டு எப்பிடிச் சொல்ற?"

மறுநாள் யாரிடமோ கேட்டு, மீன் வளர்க்கிற சிறிய கண்ணாடித் தொட்டியொன்று கொண்டுவந்தாள். அதில் தண்ணீர் நிரப்பி விளக்குக்கும் முகவைக்கும் நடுவில் வைத்தாள். சூட்டைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, வெளிச்சம் மட்டும் செடிக்குப் போனது. டீச்சர் மற்ற வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். இவ்வளவு லேசான விஷயம் எனக்கேன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க வயிறு எரிந்தது. வீட்டில் உம்மா சோறு போட்டபோதும் பசிக்கவில்லை.

கண்காட்சிக்குச் சில நாட்கள் இருக்கையில் அவள் வரவில்லை. யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பிப்போய்க்கொண்டிருந்த காலம். காணியைத் துப்புரவாக்கிக் குடியேற வேண்டுமென்று அவளுடைய வாப்பா குடும்பத்தையே கூட்டிக்கொண்டு மன்னாருக்கே போய்விட்டார். பரிசோதனையை நான் தனியே காட்டினேன்.

நடுவராக வந்தவர் குமிழிகளைப் பார்க்கவேயில்லை. "இந்தத் தொட்டி எதுக்கு?" என்று கேட்டார். விளக்கினேன். "நல்ல யோசனை. உங்கடயா?"

"இல்ல சேர். என்னோட செய்த பிள்ளைட."

"எங்க அந்தப் பிள்ளை? பாக்கணுமே."

எங்கள் மேசைக்கு முதலிடம் கிடைத்தது. ஊரிலேயே இல்லாத ஒருத்தியிடம் தோற்றுப்போனது போல்தான் எனக்கிருந்தது.

அடுத்த நாள் அவளுடைய வாப்பாவின் போனுக்கு எடுத்தேன்.

"தொட்டிய வெச்சியா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஓம். உன்ட யோசனை எண்டும் சொன்னேன். எங்களுக்குத்தான் முதலிடம்."

"இங்க பள்ளிக்கூடத்துல சயன்ஸ் இல்ல. ஆர்ட்ஸ்லதான் சேந்திருக்கேன். நேத்து முழுக்க உன்ன நினைச்சு ஒரே எரிச்சல்" என்றாள்.

எனக்குக் கவலைதான் வந்திருக்க வேண்டும். முதலில் வந்ததோ நிம்மதி. அவளுக்கும் எரிந்திருக்கிறது. "நீ வந்த நாள்லேந்து எனக்கும் அப்பிடித்தான்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கவலை அதற்குப் பிறகுதான் மெல்ல வந்தது.

ஒரே மேசையில் இருந்தபோது பேசாததையெல்லாம் அதன்பின் போனில் பேசினோம். ஒருநாள், தங்கள் காணியில் கிணறு வெட்டியதில் நல்ல தண்ணீர் வந்திருக்கிறது, உப்பே இல்லை என்றாள். எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது. அதையும் அவளிடமே சொன்னேன்.