சிவப்பு வந்தால் போதும் என்றவர்

நாச்சிமுத்து சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. பத்து நிமிடத்துக்குள் கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. "தரத்தின் தூண் சாய்ந்தது" என்று விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் எழுதினார். பெருந்துறையில் எங்கள் எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் அவருக்குக் கீழே பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்தத் தூணுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆலை மலருக்கு அஞ்சலி எழுதச் சொல்லி என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். அச்சிடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேதியியலில் முதுகலைப் பட்டம், சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. யாரிடமும் குரலை உயர்த்தாதவர். 'ங்க' சேர்க்காமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார். பொய் சொல்லும்போது கூடுதலாக இரண்டு சேர்ப்பார். எங்களிடம் வருவதற்கு முன்பு ஒரு ஜாம் கம்பெனியில் இருந்தார். பூசணிக்காய்க் கூழில் சர்க்கரையும் கெட்டியாக்கும் பெக்டினும் எசன்ஸும் சேர்த்து, அதை மாம்பழ ஜாம் ஆக்கிய கதையைத் தலைப்பிள்ளை பிறந்த கதைபோலப் பூரித்துச் சொல்வார். "கெட்டியா நின்னாப் போதுமுங்க அம்மணி. எந்தப் பழம்னு ரொட்டி கேக்கவா போகுதுங்க?" என்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சேர்ந்த புதிதில் நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் ஆலையின் பெருமை நல்லெண்ணெய். அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. எண்ணெயோடு அமிலமும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால் அடியில் சிவப்பு இறங்கும். எள் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் நூற்றில் சில பங்கு எள் இருந்தாலே அந்தச் சிவப்பு வந்துவிடும். எங்கள் பாட்டிலில் மீதியெல்லாம் பாமாயில். முதல் மாதமே இதை அவரிடம் சொன்னேன். சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"செவப்பு வந்துதுங்களா? வந்துதுங்க. அப்ப எழுதிப்போடுங்க அம்மணி."

'எள் எண்ணெய்: உண்டு' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. ஒரு பொய்கூட எழுதாமல் ஊரையே ஏமாற்றலாம் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காக யாராவது அவருக்கு ஒரு முனைவர் பட்டம் கொடுத்திருக்கலாம்.

பாமாயிலைக் காட்டிக்கொடுக்க ஒரு ஃபிரிட்ஜ் போதும். ஒரு நாள் உள்ளே வைத்தால் அடியில் வெள்ளையாக உறைந்துவிடும். அசல் நல்லெண்ணெய் தெளிவாகவே நிற்கும். எங்கள் படிவத்தில் அந்தச் சோதனைக்கு ஒரு கட்டம் இருந்தது. பேனாவால் அதை அடித்துவிட்டு, அடித்த படிவத்தையே நகலெடுக்கச் சொன்னார். ஆய்வக ஃபிரிட்ஜில் அன்று முதல் அவருடைய மோர் பாட்டில் குடியேறியது.

ஒரு மார்கழியில் காரமடையிலிருந்து ஒரு கடைக்காரர் அடியில் உறைந்துபோன பாட்டில்களோடு வந்து நின்றார். சார் அவருக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, தன்மையாகச் சொன்னார்: "சுத்தமா இருந்தாத்தானுங்க ஒறையும். தேங்காயெண்ணெய் ஒறையறதில்லீங்களா?" அந்த மனிதர், தெரியாமல் வந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாட்டில்களைத் திரும்ப எடுத்துப் போனார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் 'குளிரில் உறைவது தூய்மையின் அடையாளம்' என்று லேபிளிலேயே ஏறிவிட்டது. முதலாளி சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

இறுதி மரியாதைக்காகக் கணபதி என்ற பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. முதலாளி மாலையோடு எங்கள் நல்லெண்ணெய் டின் ஒன்றும் கொண்டுவந்திருந்தார், சாருடைய விளக்கு அவர் உருவாக்கிய எண்ணெயிலேயே எரிய வேண்டுமாம். நான்கு பேர் உச்சுக் கொட்டினார்கள். டின்னை என் கையில் கொடுத்தார். விளக்கருகே கொண்டுபோனேன். சாரின் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அத வெளிய செருப்புக்கிட்ட வெச்சுருங்க கண்ணு. அவரு இருந்த வரைக்கும் அத ஊட்டுக்குள்ளயே உட்டதில்லீங்க. சனிக்கிழமையானா தூக்குப்போசில பெருந்துறைச் செக்குல ஆட்டுன எண்ணெயத்தான் வாங்கியாருவாரு."

சனிக்கிழமைதோறும் அவர் தூக்கிக்கொண்டு போன தூக்குப்போசியில் தயிர் இருக்கிறது என்றுதான் பதினோரு ஆண்டுகளாக நினைத்திருந்தோம். எனக்கு உடம்பெல்லாம் அருவருத்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "நீங்க எங்க கண்ணு வாங்கறீங்க?"

"அதே செக்குலதானுங்க," என்றேன். "ஞாயித்துக்கெழமைல."

அவர் தலையாட்டினார். அதில் குற்றம் கண்டதுபோலத் தெரியவில்லை. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை. சார் மேல் இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வாசலில் முதலாளி என்னை நிறுத்தி, நாளை முதல் சாருடைய இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

மறுநாள் புதிய சரக்கின் மாதிரி மேசைக்கு வந்தது. குலுக்கினேன், அழகாகச் சிவப்பு வந்தது. பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தேன். அவருடைய மோர் பாட்டில் அப்படியே இருந்தது, பாதி குடித்தபடி. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாதிரியை வைத்தேன். இன்று காலை பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளை. படிவத்தில் அவர் அடித்த கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, 'உறைந்தது. பாமாயில் கலந்துள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். லாரி இன்னும் வாசலில் நிற்கிறது. முதலாளி இரண்டு முறை அழைத்துவிட்டார்.

போய் வாருங்கள் சார். உங்கள் மோர் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன். அதுவரைக்கும் நான் இங்கே இருந்தால்.