மரக்குதிரை நின்ற முற்றம்

மழை விட்டதும், டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் என் தோட்டத்தைக் கொத்துகிறேன். ஈரமண் மணக்கிறது. உடனே பத்து வயதாகி அந்தக் கோட்டை முற்றத்தில் நிற்கிறேன்.

கோட்டை அப்போது கத்தோலிக்க மடம். அம்மா அங்கே துப்புரவு வேலை செய்தாள். முன்னொரு காலத்தில் கோட்டைப் பிரபு குடியானவர்களைக் கூர்முதுகு மரக்குதிரையில் ஏற்றி வதைத்தது அந்த முற்றத்தில்தான் என்றும், அவன் வம்சம் அற்றுப்போன பிறகே மடம் அதை வாங்கியது என்றும் வயதான சிஸ்டர் ஒருவர் சொல்லியிருந்தார்; அதை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

ஊரில் யுத்தம் முடிந்த கிழமை. இராணுவத்திடம் சரணடைந்த என் மாமாவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. அம்மா முற்றத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தூற்றினாள்.

"என்ர தம்பியைக் கொண்டுபோனவன் இந்த வீட்டுக்காரன் மாதிரி விளக்கேத்த ஆளில்லாமல் நாசமாப் போவான்!"

சிஸ்டர் ஓடிவந்து, அம்மா என்ன சொல்கிறாள் என்று என்னிடம் டேனிஷில் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில், சமாதானத்துக்காகச் செபிக்கிறாள் என்றேன். சிஸ்டர் சிலுவை அடையாளம் இட்டு, தானும் ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவினார்.

"பாத்தியே, அவவுக்கு விளங்கீட்டுது," என்றாள் அம்மா.

மாமா வரவேயில்லை. அம்மாவும் இறந்துவிட்டாள். அந்தச் சாபம் பலிக்காததற்கு நான் கலந்த பொய்தான் காரணம் என்று இன்னும் நினைக்கிறேன்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அள்ளுகிறேன். இந்தமுறை அம்மாவின் சொற்களில் ஒன்றையும் மாற்றாமல் சொல்கிறேன்.