கண்கொத்திக்கு நான் சொன்ன சாட்சி

விஷமில்லாத பாம்பு என்று நாற்பது பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாம்பிடம் கடி வாங்கியவன் நான். வலது கையில் புத்தகம் விரிந்திருந்தது. இடது கை ஆள்காட்டி விரல் பாம்பின் தலையைச் சுட்டிக்கொண்டிருந்தது. சுட்டிய தூரம் கொஞ்சம் போதவில்லை. “இதன் பற்கள் மனிதத் தோலை…” என்று ஆரம்பித்த வாக்கியத்தை இன்றுவரை நான் முடிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி. பெரிய கிராணி அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார், சின்னக் கிராணி மழையில் நின்று எழுதுவான். மற்றபடி இரண்டு பதவிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எனக்கு இருபத்து நான்கு வயது. படித்தவன் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்கு ஆதாரமாக ஒரு புத்தகமும் இருந்தது.

ஈப்போவில் பழைய சாமான் விற்கும் ஒரு சீனர் கடையில், உடைந்த கடிகாரத்துக்கும் ஒற்றைச் சப்பாத்துக்கும் நடுவே அதைக் கண்டெடுத்தேன். ஊர்வன பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம். அட்டை இல்லை. முதல் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைக் கரையான் படித்து முடித்திருந்தது. எழுதியவர் யார், எந்த ஊர்ப் பாம்புகளைப் பற்றி எழுதினார் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களோடு போய்விட்டன. பாம்பு எங்கே இருந்தாலும் பாம்புதானே என்று நான் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மற்ற முட்டாள்தனங்களுக்கும் ஏறக்குறைய இதுவே முதல் வரி.

அந்தப் புத்தகம் என்னை ஆட்டி வைத்தது. பாம்பின் மூதாதைகள் காலுள்ள பல்லிகள் என்றது. மலைப்பாம்பின் வாலுக்கு மேலே இன்னும் இரண்டு சின்ன நகங்கள் மிச்சமிருக்கின்றன, பழைய கால்களின் நினைவாக. ஆமை தன் விலா எலும்பையே வீடாக்கிக்கொண்டது. முதலைக்கு நெருங்கிய உறவு பல்லி அல்ல, பறவை. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவன் சும்மா இருக்க முடியுமா? பத்து மணிப் பசியாறலுக்குப் பெண்கள் மலைச்சரிவில் கூடையை இறக்கிவைத்து உட்காரும்போது நான் ஆரம்பித்துவிடுவேன்.

பெண்களை வேலை வாங்கும் கங்காணிக்கு முதலை விஷயம் பிடிக்கவே இல்லை.

“அப்ப நேத்து நான் தின்ன கோழி முதலைக்குச் சொந்தம்னு சொல்றீங்க.”

“தூரத்துச் சொந்தம் கங்காணி.”

“பல்லி?”

“அது இன்னும் தூரம்.”

“என்னா கிராணி, கண்ணு தெரியலையா? பல்லி பெரிசானா முதலை லா. இதுல கோழி எங்கேருந்து வந்து பூந்துச்சு?”

அவருக்குப் பதில் சொன்னது நானல்ல. கடைசியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் ஊதிக்கொண்டிருந்த ஓர் அக்கா. “மூஞ்சி ஒண்ணா இருந்தா சொந்தமா கங்காணி? கல்யாண வீட்டுல பாருங்க. மூஞ்சி ஒத்துப்போறவன் எவனோ ஒருத்தனா இருப்பான். மொதப் பந்தியில எடம் கெடைக்கலன்னு கோவிச்சுக்கிட்டுப் போறான் பாத்தீங்களா, அவன்தான் சொந்தக்காரன்.”

உருவ ஒற்றுமை வேறு, வம்சாவளி வேறு என்பதை என் புத்தகம் நாற்பது பக்கங்களில் சொல்லியிருந்தது. அவர் அதை ஒரு பந்தியில் சொல்லி முடித்துவிட்டார். ஆனால் நான் பாடம் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

அந்த அக்காதான் இந்தக் கதையில் முக்கியம். முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும். கொழுந்து எடுப்பதில் தோட்டத்திலேயே வேகமான கை. கணவர் லோரி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனவர், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் படுத்த படுக்கை. பசியாறல் நேரத்தில் பாதித் தேத்தண்ணீரோடு எழுந்து, மலையிறங்கி ஓடி, அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் ஏதாவது ஊட்டிவிட்டு, மற்றவர்கள் கூடையைத் தூக்குவதற்குள் திரும்பி வந்துவிடுவார். லயத்துக்குப் பக்கத்து மலையில் கொழுந்து எடுப்பதால்தான் அது முடிந்தது. புல்வெட்டுக்குப் போகிறவர்களை விடிவதற்கு முன்பே லோரியில் ஏற்றி எங்கோ எல்லை மலைக்குக் கொண்டுபோவார்கள். திரும்ப மாலையாகும்.

அந்த வாரம் அவருக்கு ஒதுக்கிய செடி நிரையில் ஒரு பச்சைப் பாம்பு குடிவந்தது. கிளை நறுக்கும் கவ்வாத்துக்குப் பிறகு மேசைபோல் பரந்து தழைத்த தேயிலைச் செடியின் மேல், இளவெயில் விழும் இடமாகப் பார்த்துச் சுருண்டு படுத்துக்கொண்டது. பச்சைக்குள் பச்சை. அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்தச் செடியில் தன் தலைத்துணியிலிருந்து ஒரு நாடா கிழித்துக் கட்டிவிட்டு, நிரையை விட்டு நகர்ந்துவிட்டார். மற்றவர்களுக்கு எச்சரிக்கை.

எங்கள் தோட்டத்துப் பெண்களுக்குப் பச்சையாக இருக்கும் பாம்பெல்லாம் கண்கொத்தி. ஆளைக் கண்டால் எழும்பிக் கண்ணில் கொத்தும் என்பது தாத்தன் பாட்டன் காலத்தில் கப்பலில் கூடவே வந்த நம்பிக்கை. அதனால் பச்சை கண்ணில் பட்ட நாளில் எல்லோரும் தலைத்துணியைப் புருவத்துக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார்கள். கண் பத்திரம். கையோ வெறுங்கையாகச் செடிக்குள் மேயும். கையுறை போட்டால் கொழுந்தின் இளசு விரலுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பெரட்டில், அதாவது காலையில் ஆள் எடுக்கும் இடத்தில், கங்காணி பிடித்துக்கொண்டார்.

“என்னாம்மா, மூணு நாளா அந்த நிரையை விட்டுட்டே போற? கொழுந்து முத்திப் போச்சு. தொரை பாத்தாருன்னா என்னையத்தான் ஏசுவாரு.”

“பச்சை கெடக்குது கங்காணி.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“ரோட்டுல நின்னா எப்படித் தெரியும்?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. கங்காணி முகம் மாறிவிட்டது. “இன்னைக்கும் அந்த நிரையை எடுக்கலன்னா நாளையிலேருந்து புல்வெட்டு. கொழுந்து கேங்குல ஒனக்கு எடம் இல்ல.”

சிரிப்பு நின்றது. லயத்தில் படுத்திருப்பவர் யாருடைய கையால் பசியாறுவார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. கங்காணிக்கும் தெரியும். அவர் கெட்டவர் அல்ல. நாற்பது பேர் முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழி தெரியாதவர். வழி தேடித்தான் அவர் என் பக்கம் திரும்பினார். “கிராணி படிச்சவரு. வந்து பாத்துச் சொல்லட்டும்.”

மலை ஏறும்போது அந்த அக்கா என் பக்கத்தில் வந்தார். தாழ்ந்த குரலில், “கிராணி, நீங்க ஒண்ணும் பேச வேணாம். தள்ளி நின்னு பாத்துட்டு, ‘ஆமா, இருக்குது’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். எனக்கு இந்தப் பத்து வெரலு, அவருக்கு நான். வேற ஒண்ணும் இல்ல,” என்றார்.

அவர் கேட்டது ஒரு சாட்சி. எனக்குக் கிடைத்ததோ ஒரு சபை.

பாம்பு இருந்தது. நாடா கட்டிய செடியில், அவர் சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தது. நான் “ஆமா, இருக்குது” என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் என் கக்கத்தில் புத்தகம் இருந்தது. அதில் பச்சைப் பாம்பு பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது: மரத்தில் வாழும், பகலில் திரியும், சாது, மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடிய விஷமில்லை. படத்தில் இருந்த பாம்பு சாட்டைபோல் மெலிந்து, முகம் கூராக இருந்தது. எதிரே இருந்ததோ கட்டையாக, தலை அகலமாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்ட பாம்பு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

“பயப்படாதீங்க. எந்தப் பாம்பும் கண்ணைக் குறிவச்சுக் கொத்தாது,” என்று ஆரம்பித்தேன். அதுவரை சரிதான். பெண்கள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அரைவட்டமாக நின்றார்கள். ஊர்வன குளிர்ந்த இரத்தப் பிராணிகள், தம் உடம்புச் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாதவை, அதனால்தான் இப்படி வெயில் காய்கின்றன என்று சொன்னேன். கங்காணி தலையாட்டினார். அந்த அக்கா, “கிராணி, தள்ளி நில்லுங்க” என்றார். நான் பக்கத்தைப் புரட்டினேன். “கிராணி, கை!” என்றார். நான் சுட்டிக்காட்டினேன்.

வலி என்று அதைச் சொன்னால் மற்ற வலிகள் கோவித்துக்கொள்ளும். விரலை அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. புத்தகம் ஒருபக்கம், நான் ஒருபக்கம் விழுந்தோம். பெண்கள் கத்திக்கொண்டு சிதறினார்கள். கங்காணி என்னைவிட வெளுத்துப்போய் நின்றார். அந்த அக்கா மட்டும் தலைத்துணியை உருவி, என் கையைக் கழுத்தோடு தூளிபோல் கட்டினார். ஓட எழுந்தவனைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தார்.

“ஓடக் கூடாது தம்பி. ஒக்காருங்க. ஓடுனா சீக்கிரம் ஏறும்.”

அதுவரை கிராணியாக இருந்தவன் அந்த நிமிடத்தில் தம்பியானேன். அந்தப் பதவி உயர்வை நான் அப்போது கவனிக்கவில்லை.

கொழுந்து ஏற்ற வந்த லோரியில், பச்சைக் கொழுந்து மூட்டைகளின்மேல் என்னைப் படுக்கவைத்துத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவரும் ஏறிக்கொண்டார். வளைவு வளைவாக இறங்கிய வழியெல்லாம் என் கையை ஆட்டாமல் மடியில் பிடித்திருந்தார். கணவருக்கு யார் ஊட்டுவது என்று முனகலுக்கு நடுவே கேட்டேன். “பக்கத்து வீட்டுக்காரிய அனுப்பிட்டுத்தான் ஏறுனேன். நீங்க வாயை மூடுங்க. இவ்ளோ நேரம் பேசுனது பத்தாதா?” என்றார்.

மருத்துவமனையில் உதவியாளர் என்ன பாம்பு என்று மலாயில் கேட்டார். நான் வரிசை, குடும்பம், பேரினம் என்று தொடங்கினேன். அவர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். அந்த அக்கா ஒரே சொல்லில் முடித்தார்: “ஹிஜாவ்.” பச்சை. உதவியாளர் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த மலையில் பச்சை என்றால் என்ன என்று, என் புத்தகத்தைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சில நாள் படுத்திருந்தேன். விரல் வாழைப்பழம்போல் வீங்கி, கை முழங்கைவரை நாவற்பழ நிறமானது. உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கங்காணி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், “அந்த நிரையை விடச் சொல்லிட்டேன்,” என்றார். “அவ கொழுந்துலயே இருக்கட்டும். இனிமே செடியைக் கம்பால தட்டிட்டுத்தான் கை வைக்கணும்னு எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. தொரையும் சரின்னுட்டாரு.” அப்புறம் சற்று யோசித்து, “நீங்க கடி வாங்கலன்னா நான் அவள அனுப்பியிருப்பேன் கிராணி” என்றார்.

ஆக, அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லியாயிற்று. சாட்சி மட்டுமல்ல, சான்றுப் பொருளும் நானே.

அந்தப் புத்தகத்தின் முழுப் பிரதி ஒன்றைப் பின்னாளில் ஒரு நூலகத்தில் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே இந்தியச் சமவெளிப் பாம்புகள் என்று இருந்தது. பெண்களின் கண்கொத்தியும் அதே சமவெளிப் பாம்புதான். கூரான முகம், மெல்லிய உடம்பு, பரம சாது. அவர்கள் அதன் பெயரைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், நான் அதன் படத்தைக் கடையில் வாங்கினேன். இரு தரப்பும் சேர்ந்து, இந்த மலையில் உட்கார்ந்திருந்த விரியனுக்கு அதைப் பொருத்திப் பார்த்தோம். விரியனை யாரும் கேட்கவில்லை. அறிஞர்களும் எங்களைவிட ரொம்ப மேல் என்று சொல்ல முடியாது. இந்த மலைப் பச்சை மற்றப் பச்சை விரியன்களோடு சேராத தனி இனம் என்று அவர்கள் பிரித்துப் பெயர் வைத்ததே எத்தனையோ வருடம் கழித்துத்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது என் விரல் லேசாகத் துடித்தது. என்னைக் கடித்தது யார் என்று அதற்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அப்போதே, விரல் வளையத் தொடங்கியதும், நான் திருந்திவிட்டதாக நினைத்து விரியனைப் பற்றித் தேடிப் படித்தேன். அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சிறு குழி இருக்கிறது. சூடான உடம்பு பக்கத்தில் வந்தால் அந்தக் குழிக்குத் தெரிந்துவிடும். அந்தக் குளிர்ந்த காலையில் மலையில் சூடாக இருந்தவை இரண்டு: ஒன்று சூரியன், மற்றது என் விரல். சூரியன் அதற்கு எட்டவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று பசியாறல் நேரம். பெண்கள் கம்புகளைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்கா கணவருக்கு ஊட்டிவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நான் என் கட்டுப்போட்ட விரலைத் தூக்கி, இம்முறை மிகப் பணிவாக, விஷப் பச்சையைச் சாதுப் பச்சையிலிருந்து பிரித்தறியும் வழியைச் சொன்னேன். கண்ணின் பாப்பா நெட்டுக்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே அந்தக் குழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கொழுந்து அளவுகூட இராது, கவனமாகப் பார்க்க வேண்டும்.

அவர் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார்.

“அந்தக் குழியப் பாக்கணும்னா மூஞ்சிய அதுகிட்ட கொண்டுபோவணும். அவ்ளோ கிட்டப் போனா அது எங்க கொத்தும்? கண்ணுலதான? அப்ப எங்க ஆளுங்க வச்ச பேரு சரிதான் லா, தம்பி.”