துணியில் ஒரு கோபுரம்

பத்திரிகையில் என் படம் போட வேண்டுமாம். 'வாசகர்கள் உங்கள் முகத்தைக் கேட்கிறார்கள் சார்' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கேட்டவர்கள் பாவம்... போன வாரம் உத்திரமேரூர் கடைத்தெருவில் பாயின் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண். பெயர் அஞ்சலை. சாலவாக்கத்திலிருந்து அப்பாவோடு வந்திருந்தாள். நாற்று நட்டுக் காய்த்த கைகள். தலை நிறையக் கனகாம்பரம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் படம் முன்பே வந்துவிட்டது.

"பெரிய கோபுரத்தாண்ட நின்னுக்கினு கீறாரு சார்" என்றாள் என்னிடம். "சாமி கோபுரம் இல்ல, இரும்பு. மேகத்தத் தொடுது. அதுல ஏறினவரக் கட்டிக்கினா, மேலேருந்து இன்னா இன்னா தெரிஞ்சுதுன்னு தெனம் கேக்கலாம்."

ஒரு மாதமாக நடவு வயலில் நின்றபடியே அந்தக் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தாளாம். வேறு இரண்டு வரன்களை இதற்காகவே வேண்டாம் என்றிருக்கிறாள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

உள்ளே கூப்பிட்டார் பாய். அவள் காட்டிய மாப்பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டுத் திரையை இறக்கினார் — அதே கோபுரமும் இறங்கியது. துணியில், பெயின்ட்டில்.

கல்யாணத்துக்கு எடுக்கும் படத்தில் யார்தான் நிஜமான இடத்தில் நிற்கிறார்கள்? செங்கல்பட்டைத் தாண்டாத வயதில் நான் எடுத்துக்கொண்ட படத்தில் காஷ்மீர் ஏரி இருக்கிறது. ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அஞ்சலை கிட்டே போய் விரலால் தொட்டாள். துணி அசைந்தது.

"ஜப்பான் தேசத்து டெலிவிஷன் கோபுரம்மா. காலண்டரப் பாத்து நான் வரைஞ்சது" என்றார் பாய்.

"அப்போ அவரு ஏறலியா?"

"சொந்த ஊரு தாமலத் தாண்டினதே காஞ்சிபுரம் மில்லு வேலைக்கும், இங்க படம் புடிக்கவுந்தான்னு சொன்னாரு."

"வூட்டுக்குப் போலாம் நைனா" என்றாள். குரல் உடைந்திருந்தது. அப்பா எழுந்துவிட்டார்.

பாய் மெதுவாகச் சொன்னார். "பூந்தோட்டம், மாளிகை, எல்லாத் துணியும் காட்டினேம்மா. இதான் வேணும்னாரு. படம் புடிச்ச பொறவும் போவல. அண்ணாந்து பாத்துக்கினே நின்னாரு. 'படியே காணமே பாய், எப்டி ஏர்றது'ன்னு கேட்டாரு. அதுக்கப்பறந்தான் கீழ படி வரைஞ்சேன்."

அஞ்சலை குனிந்து தேடினாள். படி இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு எந்தப் பக்கம் நின்னாரு?"

"சோத்தாங்கைப் பக்கம்."

இவள் இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"நடுவுல வாம்மா. அப்பதான் படம் எடுப்பா இருக்கும்."

"வேணாம் பாய். அவரு நிக்கணும் இல்ல?"

எடுத்தது என்னவோ ஒற்றை ஆள் படம்தான்... நான் பார்த்தது கல்யாண போட்டோ!