ஆள் ஏற்றும் வேகம்

என் படுக்கையறையில் கல்லைக் கொட்டியவர் என் வீட்டுக்காரர்தான். கோபத்தில் இல்லை, ஆசையாகத்தான் கொட்டினார்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டில் இருந்ததே ஓர் அறையும் ஒரு சமையலறையும். சுரங்கம் இன்னும் மூடாத வருடங்கள் அவை. இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது முறை தங்கியபோது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிட என்றால் எப்படி இருக்கும்? பார்க்க வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். பகலில் கஞ்சி கொண்டுவரும் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்து போனார். வயிற்றில் இருந்ததைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் பயம்.

மண் வாரும் ராட்சத வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்குக் கியர்பாக்ஸ் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கியர்பாக்ஸ்தான். பெங்களூர் நடைபாதையில் வாங்கிய பழைய வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில், ரிமோட்டில் பாறை மேல் ஊர்ந்து ஏறும் சின்ன வண்டியின் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு பொம்மைக் காரைப் பிரித்துப் பெரிய சக்கரம் மாட்டி, அதேபோல் ஒன்று செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தமங்களா ஏரிப்பக்கம் போய்ப் பாறைகளில் அதை ஏற்றி விளையாடுவோம். இப்போது நான் போக முடியாதே, அதனால் பாறையை என்னிடம் கொண்டுவந்துவிட்டார். கட்டில் காலிலிருந்து சமையலறை நிலைப்படி வரை கல்லைப் பரப்பி, ரிமோட்டை என் கையில் வைத்தார்.

"நீ ஓட்டு. ஒடைஞ்சா நான் பாத்துக்கிறேன்."

உடைந்தது. அதில் இருந்தது பொம்மைக் காரின் பிளாஸ்டிக் கியர்பாக்ஸ், சமதரையில் பறப்பதற்குச் செய்தது. கல்லைக் கண்டால் முட்டிக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் துள்ளி மல்லாந்துவிடும். வேகத்தைக் குறைக்க அதன் பின்னால் இன்னொரு பிளாஸ்டிக் பாக்ஸைச் சேர்த்தார். வண்டி அழகாக ஊர்ந்தது. ஆனால் வேகம் குறையக் குறைய சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு கூடும், அந்த முறுக்கு முழுவதையும் கடைசிக் கியர்தான் தாங்க வேண்டும். அவர் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு பகலில், நிலைப்படியில் ஏறும்போது அந்தக் கடைசிக் கியரின் பற்கள் உதிர்ந்துவிட்டன. சக்கரம் அசையவில்லை, மோட்டார் மட்டும் கத்துகிறது. ரிமோட்டின் விசையும் சிக்கிக்கொண்டது. கருகல் வாடை வர ஆரம்பித்தது. எழுந்துபோய் அணைத்துவிடலாம் என்று ஒரு காலைத் தரையில் வைத்தேவிட்டேன். தரை சில்லென்றது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, பேட்டரி தீர்ந்து சத்தம் அடங்கும்வரை காதைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவர் வந்ததும் சொன்னேன். "எறங்கப் பாத்தேங்க. ஒரு காலு வெச்சிட்டேன்."

அவர் கீழே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் என் உள்ளங்காலைத் துடைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு பெங்களூர் போய், ரிமோட் விமானக்காரர்கள் வாங்கும் கடையில் வெளிநாட்டுக் கியர்பாக்ஸ் ஒன்று வாங்கிவந்தார். முழுக்க உலோகம். எங்கள் கைக்கு மீறிய சாமான். கியர்கள் ஒன்றையொன்று நெருக்காமல் இருக்க, நடுவில் காலண்டர் தாளைக் கிழித்து வைத்து இறுக்கி, பிறகு தாளை உருவினார். கிரீஸ் வைத்தார். வண்டி பின்பக்கம் சாய்ந்தபோது, ஏரியில் மீன் பிடிப்பவர்களிடம் ஈயக்குண்டு வாங்கி முன் சக்கரங்களுக்குள் வைத்தார். பல் ஒன்றும் உதிரவில்லைதான். ஆனால் விசையைத் தொட்டதும் வண்டி முரட்டுக் கிடா மாதிரி பாய்ந்தது.

"இன்னாங்க இது? கல்லு ஏத்துற ஸ்பீடுல போவுது. ஆளு ஏத்துற ஸ்பீடு வேணும்" என்றேன்.

செத்துப்போன என் அப்பா, சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவர். தாதுக்கல் வரும்போது ஒரு வேகம், ஆள் வரும்போது வேறு வேகம். கேஜில் ஆள் இருந்தால் கீழேயிருந்து மூன்று முறை மணி அடிப்பார்கள். கேட்டது என்பதற்கு மேலே அதே மூன்றைத் திருப்பி அடித்த பிறகுதான் எஞ்சின் அசையும், அதுவும் பூப்போல அசையும். எங்கள் ஊரில் இது தெரியாத வீடு கிடையாது.

என் வீட்டுக்காரர் வண்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பல் உதிராமல் ஓரமாகக் கிடந்த பழைய பிளாஸ்டிக் பாக்ஸை எடுத்து மோட்டாரை ஒட்டி மாட்டினார். அங்கே முறுக்கு குறைவு, அது தாங்கிக்கொள்ளும். முறுக்கு கூடுகிற கடைசி இடத்துக்கு உலோகம். மலிவும் விலையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்த ஆரம்பித்தன. அன்று சாயங்காலம் வண்டி ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவிப் போய், நிலைப்படியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

அந்த நேரத்தில்தான் வயிற்றுக்குள் ஓர் உதை. முதல் உதை. மருந்துக் கரண்டியால் இரும்புக் கட்டிலில் மூன்று முறை தட்டினேன்.

"மெதுவாத்தானே போவுது, இன்னும் இன்னாத்துக்கு?" என்றார் என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து, நான் வண்டியைச் சொல்கிறேன் என்று நினைத்து.

மறுபடி மூன்று தட்டினேன். அங்கே பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, கரண்டியால் சட்டியில் நிதானமாக மூன்று தட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வெளியே வந்தார்.

வலி கண்ட அன்று தெருக்கோடி வீட்டுக்காரர் தன் வேனை எடுத்தார். அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பதற்றத்தில் விரட்டினார். ரோடெல்லாம் பள்ளம். பின்னால் பாயில் படுத்திருந்த நான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அலறினேன். "அண்ணே, மெதுவா!" என்று என் வீட்டுக்காரர் கத்தியது எஞ்சின் சத்தத்தில் முன்னால் போய்ச் சேரவில்லை. அவர் சட்டென்று என் கையை விட்டுவிட்டு, நடுவில் இருந்த தகரத் தடுப்பில் ஓங்கி மூன்று முறை தட்டினார்.

ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, கதவில் மூன்று முறை திருப்பித் தட்டினார். கியர் இறங்கியது. வேன் பள்ளத்தில் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதே வேகம்தான்.

விடிவதற்குள், ஆள் பத்திரமாக மேலே வந்து சேர்ந்தாள்.